அடைக்காமல் விட்ட இடம்

ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பாதி கடந்ததும் நீலகிரியின் மேல்மலையில் காற்றின் குணம் மாறிவிடும். வானம் துடைத்து வைத்தாற்போல் தெளியும். பகல் வெயில் கண்ணைக் கூசும். மாலை ஐந்து மணிக்கெல்லாம் விரல்நுனிகள் மரத்துப்போகும். முதலில் வருவது நீர்ப்பனி. புல்நுனியில் துளியாய் நின்று காலை வெயிலில் மறைந்துவிடும் அது எவரையும் பெரிதாகத் துன்புறுத்துவதில்லை. மேகமற்ற, காற்றசையாத இரவுகள் தொடரத் தொடங்கினால், பகலில் வாங்கிய வெப்பத்தையெல்லாம் நிலம் வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அப்போதுதான் உறைபனி. மேகம் கவிந்த இரவில் அம்மேகமே கம்பளியாகி மலையைப் போர்த்திக் காக்கும் என்பதை மலைமக்கள் அறிவர். ஆதலின், சமவெளியிலிருந்து வருவோர் "வானம் எத்துணை அழகு!" என்று வியக்கும் அதே மாலையில், பள்ளத்தில் குடியிருப்போர் அண்ணாந்து பார்த்து முகம் சுளிப்பார்கள்.

உதகையிலிருந்து சில கல் தொலைவில், ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் அமைந்த ஒரு பங்கில் நாம் எட்டு ஆண்டுகள் பணியாற்றினோம். தென்கோடிக் கடற்கரையின் வெயிலில் பிறந்து வளர்ந்த நமக்கு, வீடு என்றால் காற்றோட்டம் என்பதே முதற்பொருள். நம் தந்தையார் வீடு கட்டியபோது, எந்தச் சன்னல் எந்தச் சன்னலுக்கு நேராக வரவேண்டும் என்று கொத்தனாரோடு ஒரு வாரம் வாதாடியது நினைவிருக்கிறது. காற்றை உள்ளே அழைப்பதற்காகக் கட்டப்படும் வீடுகளையே அறிந்திருந்த நாம், காற்றை வெளியே நிறுத்துவதற்கு மனிதர் படும் பாட்டை அந்த மலையில்தான் கண்டோம்.

குளிருக்கு வீட்டை ஆயத்தம் செய்வது அங்கே ஒரு நாள் வேலையன்று. புரட்டாசியிலேயே சீகை விறகையும் கற்பூர மரச் சுள்ளிகளையும் வெட்டி இறவாரத்தின் கீழ் அடுக்கத் தொடங்குவார்கள். ஈர விறகு தன் வெப்பத்தில் ஒரு பங்கைத் தன்னுள் இருக்கும் நீரைக் காய்ச்சுவதிலேயே செலவிட்டுவிடும் அல்லவா? மழை நின்றதும் மண்சுவரின் வெடிப்புகளைச் செம்மண்ணும் சாணமும் குழைத்துப் பூசுவார்கள். தகரக் கூரையுள்ள வீடுகளில் தகரத்துக்குக் கீழே சாக்குகளைத் தைத்துக் கட்டுவார்கள். இரவில் முதலில் குளிர்வது தகரம்; உள்ளே உறங்குவோரின் மூச்சிலுள்ள ஈரமெல்லாம் அதில் படிந்து விடியற்காலையில் சொட்டும். சாக்கு அந்தச் சொட்டையும் தாங்கும், தன் இழைகளுக்கிடையே காற்றைப் பிடித்து வைத்துக் குளிரையும் தடுக்கும். பாய்க்கு அடியில் வைக்கோலோ காய்ந்த பெரணியோ பரப்புவார்கள். மேலே எத்தனை கம்பளி போர்த்தாலும் தரை கீழிருந்து சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால், குழந்தைக்குப் போர்த்துவதைக் காட்டிலும் விரிப்பதில்தான் தாய்மார்கள் கருத்தாயிருப்பார்கள். கம்பளிகளை உச்சி வெயிலில் உலர்த்தி, மூன்று மணிக்குமுன் எடுத்து மடித்துவிடவேண்டும். சற்றுத் தாமதித்தால் கம்பளி பனியின் ஈரத்தைக் குடித்துவிடும். இவையெல்லாம் எந்த ஏட்டிலும் எழுதி வைக்கப்பட்டவை அல்ல.

தோடர்களின் பழைய வீட்டைக் கண்டிருப்போர் இந்த அறிவின் முதிர்ச்சியை உணர்வர். பீப்பாயை நெடுக்காக இரண்டாய்ப் பிளந்து கவிழ்த்தாற்போன்ற உருவம். மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு வேய்ந்தது. சன்னல் கிடையாது. ஏறத்தாழ மூன்றடி உயரமேயுள்ள வாயில். தவழ்ந்துதான் உள்ளே போகமுடியும். குளிரும் காட்டு விலங்கும் உள்ளே வாராமலிருக்க அவ்வாறு அமைத்தார்கள். உள்ளே அடுப்பு எரியும். அந்தப் புகை எங்கே போகும் என்று முதன்முறை பார்த்தபோது நாமும் கேட்டோம். வேய்ந்த புல்லின் ஊடாகவே கசிந்து போகும் என்றார்கள். மூடியதாகத் தோன்றும் அந்த வீடு உண்மையில் மூடியதன்று. இந்த மறுமொழியை அன்று கேட்டு வியந்தோம். வியந்ததோடு நின்றுவிட்டோம் என்பதைப் பின்னால் சொல்லவேண்டியிருக்கிறது.

வெப்பநாட்டு மொழி எனப்படும் நம் தமிழிலும் குளிருக்கு வீட்டை ஆயத்தம் செய்த காட்சி உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடையில், நக்கீரர் ஒரு நகரம் முழுவதையும் வாடைக்காற்றுக்கு அஞ்சித் தன்னை மாற்றிக்கொண்ட நிலையில் காட்டுகிறார். கோடையில் வீசிய விசிறிகள் சிலந்தி வலை பின்னத் தொங்குகின்றன. சாளரக் கதவுகள் அடைபட்டுக் கிடக்கின்றன. குவிந்த வாயுடைய குடங்களின் தண்ணீரை எவரும் நாடாமல், அகன்ற வாயுள்ள தடாவில் இட்ட தீயை நாடுகின்றனர். ஊருக்கு வெளியே, மழையில் நனைந்த ஆயர்கள் கைகளை நெருப்பில் காய்ச்சியும் நடுங்குகின்றனர். ஒரே குளிர்தான், உள்ளே இருப்போர்க்கு ஒரு முகம், வெளியே இருப்போர்க்கு வேறு முகம். புலவர் இதுபற்றி அறமுரை ஏதும் கூறவில்லை. இரண்டையும் அருகருகே வைத்ததோடு சரி.

இனி நம் கதைக்கு வருவோம். கதை என்றுரைப்பதும் ஒருவகைத் தப்பித்தலே.

நம் பங்கின் எல்லையில், காய்கறி வயல்களுக்கு நடுவே, பள்ளத்தின் அடியில் ஒரு குடியிருப்பு இருந்தது. குளிர்ந்த காற்று கனமானது. நீரைப்போல் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டில் இருப்பவருக்கு நீர்ப்பனியாய் இருக்கும் இரவு, பள்ளத்தில் இருப்பவருக்கு உறைபனியாகும். நல்ல நிலமெல்லாம் வயலுக்குப் போக, மனிதர்க்கு எஞ்சியது அந்த அடிப்பள்ளம். முப்பதுக்கும் குறைவான வீடுகள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தைத் தொடர்ந்து இலங்கையின் மலைத்தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இறங்கி, மீண்டும் ஒரு குளிர்மலையிலேயே பிழைப்புத் தேடி வந்தவர்கள். காரட்டும் உருளைக்கிழங்கும் கிளப்பும் கூலிவேலை. சுவர் பாதி மண், பாதி பலகை, கூரை தகரம்.

2010ஆம் ஆண்டின் குளிரில் அங்கே ஒரு கைக்குழந்தை நிமோனியாவில் இறந்தது. அடக்கத்துக்குப் போயிருந்தபோது அவ்வீட்டின் பலகை இடுக்குகள் வழியே வெளிச்சம் கோடு கோடாய் உள்ளே விழுவதைக் கண்டோம். அந்தக் கோடுகள் நம் கண்ணைவிட்டு அகலவில்லை. மறு ஆண்டு திருவருகைக் காலத்தில், பங்கின் இளைஞர்கள் இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு, குளிர் இறுகுமுன் அக்குடியிருப்பின் எல்லா வீடுகளையும் செப்பனிடுவது என்று முடிவு செய்தோம். பிறப்பு விழாவுக்குக் குடில் கட்டும் செலவைக் குறைத்து இதற்குத் தந்தார்கள் என்பதை ஈண்டுக் குறிப்பிடுவது கடன். தார்ப்பாய், சாக்கு, மைதாப் பசை, கட்டுக்கட்டாகப் பழைய நாளிதழ்கள். இரண்டு சனி, இரண்டு ஞாயிறு. இடுக்கு ஒன்று விடாமல் அடைத்தோம். மாலையில் விளக்கேற்றிப் பார்த்தபோது, வெளியே ஒரு கோடு வெளிச்சமும் கசியவில்லை. இளைஞர்கள் கைதட்டினார்கள்.

கடைசி வரிசையில் ஒரு வீட்டில் எழுபதைக் கடந்த அம்மையார் ஒருவர் இருந்தார். மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். பிள்ளைகள் அவரை அப்பாயி என்பார்கள். நாளடைவில் இளைஞர்களும் அவ்வாறே அழைத்தார்கள். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். குளிரோடு கூடப்பிறந்தவர் என்றே சொல்லலாம். அவர் வீட்டின் பின்சுவருக்கும் தகரத்துக்கும் இடையே ஒரு கையகல இடைவெளி இருந்தது. சுவரின் ஒரு கல் பெயர்ந்துபோனதுபோல் தோன்றும். அதை அடைக்க ஏணி வைத்தபோது அவர் வந்து நின்றார்.

"சாமி, அத மட்டும் விட்டுடுங்க. வீட்டுக்கும் மூச்சு வேணும்."

நாம் சிரித்தோம். எளியவரின் நல்ல சொல்லொன்றைக் கேட்டபோது குருக்கள் சிரிக்கும் சிரிப்பு அது. அடுத்த ஞாயிறு மறையுரையில் பயன்படுத்தலாம் என்றுகூட எண்ணினோம். பிறகு அவருக்கு விளக்கினோம். "அம்மா, அந்த வழி புகை போவதற்குத்தானே? இனி உங்களுக்குப் புகையே இராது." அவருக்கு விறகுப் புகையினால் நெடுநாள் இருமல். ஆகவே நன்கொடையாளர் ஒருவர் தந்த மரக்கரி மூட்டைகளில் ஒன்றும், இரும்புக் கணப்புச்சட்டி ஒன்றும் அவ்வீட்டுக்கென ஒதுக்கியிருந்தோம். கரியில் புகை இல்லை. புகை இல்லாதபோது புகைவழி எதற்கு? அவர் மறுபடியும் ஏதோ சொல்லத் தொடங்கினார். "சாமி சொன்னா சரிதான்" என்று மருமகள் குறுக்கிட்டார். அம்மையார் உள்ளே போய்விட்டார். இடைவெளியில் சாக்கைத் திணித்து மேலே தாளும் ஒட்டினோம்.

அளவைநூல் கற்றோர் அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அம்மலையில் நெருப்பு உண்டு, புகை காணப்படுவதால், அடுக்களையிற்போல என்பது அது. மணிமேகலையின் தருக்கப் பகுதியும் இதனை எடுத்தாள்கிறது. புகையிலிருந்து நெருப்பை அறியலாம். ஆனால் புகையின்மையிலிருந்து நெருப்பின்மையை அறியவியலாது. அதற்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்புருண்டையை நியாய நூலார் எதிர்ச்சான்றாகக் காட்டுவர். அதில் தீ உண்டு, புகை இல்லை. குருமடத்தில் தருக்கத்துக்கு நல்ல மதிப்பெண் பெற்றவர் நாம். புகை இல்லை, ஆகவே தீங்கும் இல்லை என்று ஏணியின்மேல் நின்றபடி நாம் செய்த அனுமானத்தை எந்தத் தருக்க ஆசிரியரும் மன்னிக்கமாட்டார்.

கரி போதிய காற்றின்றி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வெளிப்படுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் குருதியின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு சோர்வு, பிறகு உறக்கம். உறங்குவோர் தாம் இறந்துகொண்டிருப்பதை உணர்வதில்லை. விறகுப் புகை கண்ணைக் கரித்து, இருமவைத்து, எழுந்து கதவைத் திற என்று மனிதனை வற்புறுத்தும். தொல்லை என்று நாம் நீக்கிய புகைதான் அவ்வீட்டின் காவல்நாய்.

உறைபனி இறுகிய முதலாம் வாரம். மகன் அதிகாலை நான்கு மணிக்கு வயலுக்குப் போயிருந்தார். வெயில் ஏறுமுன் நீர் தெளித்தால்தான் பயிர் கருகாது. போகும்போது கதவைச் சரியாகச் சாத்தவில்லை. ஆறரை மணிக்குத் திரும்பியபோது, கதவோரம் படுத்திருந்த பிள்ளைகள் இருவரும் வாந்தியெடுத்துத் துவண்டு கிடந்தார்கள். மருமகளால் எழ முடிந்தது, நிற்க முடியவில்லை. பின்சுவர் ஓரம், கணப்புச்சட்டியின் அருகில், நாம் அடைத்த இடத்துக்கு நேர் கீழே படுத்திருந்த அம்மையார் எழவில்லை. சரியாகச் சாத்தப்படாத கதவுதான் மற்ற மூவரையும் காத்தது என்று மருத்துவர் கூறினார். கையகலங்கூட இராது அந்தத் திறப்பு.

அடக்கம் முடிந்தபின் மகன் நம் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி, நீங்க நல்லதுதானே செஞ்சீங்க" என்றார். அவர் அதை உளமாரச் சொன்னார். அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டு அமைதியடைய நம்மால் இன்றுவரை இயலவில்லை. நற்செயலுக்கு நல்லெண்ணம் போதுமா என்ற கேள்வியை நாம் பல ஆண்டுகள் பிறர்க்குக் கற்பித்திருக்கிறோம். அது நம்மைப் பார்த்துக் கேட்கப்பட்டது அப்போதுதான்.

அறநெறியியலில் அறியாமையை இருவகையாகப் பிரிப்பர். எத்துணை முயன்றாலும் ஒருவன் தன் நிலையில் நீக்கிக்கொள்ள இயலாத அறியாமை ஒன்று. சிறிது முயன்றிருந்தால் நீங்கியிருக்கக்கூடிய அறியாமை மற்றொன்று. முன்னதற்கு மனிதன் பொறுப்பாளியல்லன். பின்னதற்கு அவன் பொறுப்பாளி. இந்தப் பிரிவினையை நம்மீது வைத்துப் பார்த்தோம். கரிநச்சு பற்றி நமக்குத் தெரியாதா? பள்ளியில் படித்திருக்கிறோம். நாளிதழில் படித்திருக்கிறோம், அறையைப் பூட்டிக்கொண்டு கரியடுப்பை உள்ளே வைத்துறங்கி இறந்தோரைப் பற்றிய செய்திகள் மலைப்பகுதிகளிலிருந்து அவ்வப்போது வரத்தான் செய்கின்றன. அவ்வீட்டின் இடுக்கில் நாம் பசை தடவி ஒட்டிய தாள்களிலேகூட அப்படியொரு செய்தி இருந்திருக்கலாம். தெரிந்திருந்தது, ஆனால் அந்தத் தெரிதல் அந்த ஏணியின்மேல் நம்மோடு இல்லை. அது மட்டுமன்று. நீக்கியிருக்கக்கூடிய அறியாமை என்பது, கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்பதே. நமக்கோ, கேளாமலே ஒருவர் வந்து சொன்னார். அவருக்குக் கார்பன் மோனாக்சைடு என்ற பெயர் தெரியாது. எழுபது குளிர்காலங்கள் தெரியும். ஆகவே நம்முடையதை அறியாமை என்று அழைப்பதே அதற்கு நல்ல பெயர் சூட்டுவதாகும்.

புனித அக்குவினா தோமையார் விவேகம் என்னும் நற்பண்பை எட்டு உறுப்புகளாகப் பகுத்தார். அவற்றுள் வருவதை முன்கூட்டி அறியும் திறன் ஒன்று. பிறரிடம் கற்கும் பணிவு மற்றொன்று. வருமுன் காக்கும் செயல்களில், நாம் முன்னதை மட்டும் விவேகம் என்று எண்ணிவிடுகிறோம். விறகு அடுக்குகிறோம், கம்பளி சேர்க்கிறோம், இடுக்கு அடைக்கிறோம். வருவதை அறிந்தவர் என்ற பெருமிதமும் உடன் வந்துவிடுகிறது. செயல்கள் முடிவற்ற வேறுபாடுகளை உடையன, ஆதலின் ஒருவர் தாமாகவே அனைத்தையும் கண்டுகொள்ள இயலாது, முதியோரிடமும் பட்டறிந்தோரிடமும் கேட்கவேண்டும் என்பது அவர் கருத்து. குருமடத்தில் இப்பாடத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். எட்டுப் பெயர்களும் இலத்தீனில் இன்றும் வரிசையாக நினைவுக்கு வருகின்றன.

நம்மை வருத்துவது இன்னும் ஆழமானது. அவ்வீட்டின் இடைவெளியைக் குறை என்று கண்டோம். வறுமையினால் பெயர்ந்த கல், கவனமின்மையால் அடைக்கப்படாத வழி என்று கண்டோம். ஏழையின் வீட்டில் இருப்பதெல்லாம் இல்லாமையின் அடையாளமே என்று நம் கண் முன்பே முடிவு செய்துவிட்டது. அது பெயர்ந்த கல்லன்று, வீடு கட்டியபோதே வேண்டுமென்று விட்ட இடம் என்பதை மகன் பின்னர் சொன்னார். மாமனாரிடமும் கணவரிடமும் வாதாடி அவர் விடச் செய்த இடமாம். நம் தந்தையார் சன்னலுக்காகக் கொத்தனாரோடு வாதாடியதை அறிவு என்று போற்றி வளர்ந்தவர் நாம்!

உதகையில் 1822ஆம் ஆண்டு ஜான் சலிவன் தமக்கு வீடு கட்டத் தொடங்கியது முதல், அம்மலையில் எழுந்த வெள்ளையர் மாளிகைகளில் கணப்பும் புகைபோக்கியும் உண்டு. புகைபோக்கி என்பது என்ன? கூரையில் வேண்டுமென்றே விடப்பட்ட ஓட்டை. எரியும் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதியை அது வானத்துக்கு அனுப்பிவிடும். அந்த வீணடிப்பைத் தாங்கும் வசதி அவர்களுக்கு இருந்தது; ஏனெனில் விறகு சுமப்பவர் வேறொருவர். அந்த விறகுக்காகச் சோலைகள் வெட்டப்பட்டன. சோலைகள் குறைந்தபின், விறகுத் தேவைக்கென்றே 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகையும் கொண்டுவந்து வளர்க்கப்பட்டன. இன்று அம்மரங்கள் புல்வெளிகளை விழுங்கிவிட்டதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மாளிகையின் ஓட்டைக்குக் கட்டடக்கலை என்று பெயர், குடிசையின் ஓட்டைக்குச் சீர்கேடு என்று பெயர். நிறைய எரிக்க இயலாதவன்தான் கொஞ்சம் எரித்து எல்லாவற்றையும் அடைத்துக்கொள்ள நேர்கிறது; ஆதலின் கரிநச்சு ஆளைத் தேர்ந்தெடுக்கிறது என்றே சொல்லவேண்டும்.

குளிரில் நடுங்கியதாக எண்ணி மயிலுக்குப் போர்வை தந்த பேகனை நம் புலவர்கள் பாடினார்கள். அவனும் பழனி மலைப்பக்கத்துக் குளிரை அறிந்தவனே. இவ்வாறு ஆராயாது வழங்கும் கொடைக்குக் கொடைமடம் என்று தமிழில் ஒரு சொல் உண்டு. மடம் என்பது அறியாமை. ஆயினும் அதைக் குறையாகக் கருதாமல் வள்ளன்மையின் மிகுதியாகப் போற்றியது நம் மரபு. பள்ளிக்காலம் முதல் நமக்குப் பிடித்த கதை இது. இப்போது அதைப் படிக்கும்போது கண் மயிலின்மீது செல்கிறது. போர்வை பிடிக்காத மயில் அதை உதறிவிட்டுப் போயிருக்கும். மன்னனின் புகழுக்கும் குறைவில்லை, மயிலுக்கும் கேடில்லை. கொடுப்பவர் கொடுத்ததைப் பெறுபவர் உதற முடியும் என்னும் இடத்தில்தான் கொடைமடம் அழகு. பங்குக்குரு ஏணி வைத்து ஏறி அடைத்ததை, அவர் போனபின் பிய்த்தெறிய அந்த அம்மையாரால் முடியவில்லை. முடிந்திருக்கவேண்டும் என்று சொல்வது எளிது. "சாமி சொன்னா சரிதான்" என்ற சொல்லுக்கு எதிரே அவ்வீட்டில் அவர் ஒருவர்தாம் இருந்தார்.

இவற்றையெல்லாம் ஒரு முதிய குருவிடம் ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் புறம்பே ஒருநாள் மனம்விட்டுச் சொன்னோம். நெடுநேரம் கேட்டிருந்தார். பிறகு, "சரி, உங்கள் குற்றவுணர்வை மூட்டி அதிலேயே குளிர்காயத் தொடங்கிவிடாதீர்கள்" என்றார். சுருக்கென்று தைத்தது. வருந்துவதிலும் ஒரு கதகதப்பு உண்டு என்பது உண்மையே. அதனால்தான் மேலும் எழுதாமல் நடந்ததைச் சொல்கிறோம்.

அந்த ஆண்டு பங்குப் பேரவையில், இனி எவர் வீட்டையும் தொடவேண்டாம், போர்வை கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வோம் என்ற கருத்து வலுவாக எழுந்தது. நமக்கும் அது கவர்ச்சியாகத்தான் இருந்தது. தொடாதவன் கையில் கறை படாது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டு இறந்த குழந்தையை யாரும் கொல்லவில்லை. பலகை இடுக்குகள்தாம் கொன்றன. அடைத்ததும் உண்மையான நன்மை. அடைத்ததால் வந்ததும் உண்மையான தீமை. இரண்டில் ஒன்றை மறைத்தால்தான் கணக்கு நேராகும். மறைக்க நமக்கு மனம் வரவில்லை. மறுமுறை போனபோது ஏணியோடு போகவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் இரவில் யார் எங்கே படுப்பார்கள், தீ எங்கே இருக்கும், எந்த வழியை விடவேண்டும் என்று வீட்டிலுள்ள மூத்த பெண்களிடம் இளைஞர்கள் கேட்டு எழுதி வந்தார்கள். நாம் கண்டதெல்லாம் பகல் வீடு. இரவு வீட்டை அறிந்தவர்கள் அவர்கள். பல வீடுகளில் நாங்கள் முன்பு ஒட்டியதைக் கிழித்து மேலே ஒரு கையகலம் திறந்தோம். உறங்குமுன் கணப்புச்சட்டியை வெளியே எடுத்து வைப்பது என்றும் பேசி முடிவாயிற்று. ஒரு பாட்டி நாங்கள் விட்ட இடத்தைப் பார்த்து, "இம்புட்டு எதுக்கு? செத்துருவோம் குளிர்ல" என்று பாதியை அடைக்கச் சொன்னார். அடைத்தோம். உதகைப் பூங்காவில் உறைபனிக் காலத்தில் மலர்நாற்றுகளை மிலாறுச் செடி கொண்டு மூடி வைப்பதைக் கண்டிருப்பீர்கள். பனி தங்கும், காற்று புகும். எவ்வளவு நெருக்கமாய் வைப்பது என்று அங்கே ஒரு தோட்டக்காரரிடம் கேட்டோம். "அது கைக்குத் தெரியும்" என்றார்.

அப்படி விட்ட வழியே குளிர் வரத்தான் செய்தது. அதை இல்லாமற்செய்ய நமக்கு ஒரு வழியும் கிடைக்கவில்லை.

மாற்றலாகிச் சமவெளிக்கு இறங்கும் முன்மாலை, அந்த மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். கூரைக்குப் புதுத் தகரம் போட்டிருந்தார். பின்சுவரின்மேல் அந்த இடம் அப்படியே இருந்தது; எலி வாராமலிருக்கக் கம்பிவலை மட்டும் அடித்திருந்தார். பெரிய பேத்தி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். மார்கழிக் காற்று அந்த வலை வழியே இறங்கி நம் பிடரியில் பட்டது. தோள்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டதை அவர் கவனித்துவிட்டார்.

"சாமி, அங்கன இருக்காதீங்க. காத்து நேரா இறங்கும். இப்படி வந்துருங்க" என்று அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே ஓரிடத்தைக் காட்டினார்.

எழுந்து போய் அங்கே அமர்ந்தோம்.